எழுதிக்கொடுத்தாலும் உரிமை போய்விடாது

"சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டால் பெற்றோர் பிள்ளைகளிடம் எதுவும் கேட்க முடியாது, பிள்ளை இல்லாதவர்களுக்குச் சட்டமே இல்லை" என்றொரு தகவல் காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமும் பேரன் பேத்திகளிடமும் பராமரிப்பு கேட்கலாம். பிள்ளை கூட்டிக்கொண்டவர்களும், அதாவது தத்தெடுத்தவர்களும், இதில் பெற்றோர்தான். பிள்ளையே இல்லாத, 60 வயது நிறைந்தவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினரிடம் கேட்கலாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் பராமரிப்புதான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். அதனால் பத்திரத்திலேயே அந்த நிபந்தனையை எழுதிவிடுங்கள்.

மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுக்க வேண்டும்; காரைக்குடிப் பக்கத்தவர்களுக்கு அந்த அலுவலகம் தேவகோட்டையில். வக்கீல் தேவையில்லை.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டில், குளிக்கக் கைகொடுக்கவும் மாத்திரை எடுத்துத் தரவும் ஆளில்லாமல் ஒற்றை அறையில் இருக்கும் ஆச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் கிடைக்காது என்று நம்பித்தான் பலர் வாய் திறப்பதில்லை. இந்தப் பொய் அவர்களை இன்னும் ஒடுக்குகிறது.

சந்தேகமிருந்தால் சட்டத்தின் 4, 23ஆம் பிரிவுகளைப் பாருங்கள், அல்லது 14567 என்ற இலவச முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.