வே ரெபோ அப்படியொன்றும் தனித்து நிற்கவில்லை
இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலுள்ள மலைக் கிராமமான வே ரெபோ ‘நூற்றாண்டுகளாக வெளியார் கை படாமல் அப்படியே நிற்கிறது’ என்று அந்த ஊரைப் பற்றிய இந்தக் கட்டுரையில் வருவதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்டுரைப் படத்தில் இருக்கும் ஏழு கூம்பு வீடுகளில் ஒரு கட்டத்தில் நான்குதான் மிஞ்சியிருந்தன. 2008-க்குப் பிறகு ஜகார்த்தா கட்டிடக் கலைஞர் யோரி அந்தாரின் குழுவும் நன்கொடையாளர்களும் கைகொடுக்க, ஊர்க்காரர்களே மற்றவற்றை எழுப்பினார்கள். 2012-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் வந்தது. இதில் குறையொன்றும் இல்லை. ஆணியே அடிக்காமல் மரத்தைப் பிரம்பால் இறுக்கிக் கட்டி ஐந்து அடுக்கு உயர்த்தும் வித்தை இளவட்டங்கள் கைக்கு வந்ததே அந்த வேலையால்தான். உள்ளே நடுவில் அடுப்பு. புகை மேலேறிக் கூரையையும் பிரம்பையும் பூச்சி அரிக்காமல் காக்கிறது (நம் கண்தான் எரிந்து தொலைக்கும்). கீழே குடித்தனம், மேலே போகப் போக உணவுப் பொருள், விதை, பஞ்ச காலத்துக்கான சேமிப்பு, உச்சியில் முன்னோருக்குப் படையல். முன்பு கருத்திட்ட நண்பர் ஒருவர் ‘தன்னிறைவுக் கிராமம்’ என்கிறார். ஆனால் அந்த உயரத்தில் கைக்குக் காசு தருவது காப்பி. அரிசி கீழேயிருந்து சுமந்துதான் வரவேண்டும். மலையடிவாரத்து டெங்கே ஊரிலிருந்து நாங்கள் மூச்சு வாங்க ஏறியபோது, எதிரே காப்பி மூட்டையோடு செருப்புக் காலில் சரசரவென்று இறங்கியவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். பள்ளி வயது வந்த பிள்ளைகள் கீழே கொம்போ என்ற ஊரில் தங்கிப் படிக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அங்கேயும் ஒரு வீடு உண்டு. இவ்வளவு நீளக் கட்டுரையில் கொம்போவின் பெயரே இல்லை.