வன்னிக்கு எழுதும் மனித உரிமைக் கொள்கை வன்னியில் எழுதப்படட்டும்

வன்னிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்ததை நான் எதிர்க்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தொழிற்சாலையின் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மனித உரிமைக் கொள்கை, அதாவது தொழிலாளரின் உரிமைகளை மதிப்போம் என்று நிறுவனம் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி, தொங்குகிறது. முழுவதும் ஆங்கிலம். கீழே முறைப்பாட்டுப் பெட்டி. அதற்கு நேர் எதிரே மேற்பார்வையாளரின் மேசை. யார் சீட்டுப் போடுகிறார் என்பது அவருக்குத் தெரியும், கையெழுத்தும் தெரியும். பெட்டியின் பூட்டு துருப்பிடித்துப்போயிருக்கிறது. எந்தப் பிள்ளை துணிந்து போடுவாள்?

வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய 31 வழிகாட்டிக் கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011 ஜூனில் ஏற்றுக்கொண்டது. கொள்கையை நிறுவனத்தின் அதியுயர் மட்டம் அங்கீகரிக்கவேண்டும், பகிரங்கப்படுத்தவேண்டும், அன்றாட நடைமுறைக்குள் கொண்டுவரவேண்டும் என்கிறது 16ஆவது கோட்பாடு. கையெழுத்து வாங்கிச் சுவரில் மாட்டியதோடு நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். முறைப்பாட்டு வழியைத் தொழிலாளர் நம்பவேண்டும், அது அவர்களுக்கு எட்டவேண்டும் என்கிற 31ஆவதை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வேறு ஊரின் கொள்கையில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் இங்குள்ள பாதிப்பு எதுவும் அதில் இருக்காது. எங்கள் பக்கத்து வளவு அக்கா ஷெல்லில் ஒரு காலை இழந்தவர். நாள் முழுவதும் நின்றபடி தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலை. மாலையில் செயற்கைக் காலைக் கழற்றும்போது காலின் முனை கன்றிச் சிவந்திருக்கும். ஓர் உயரமான கதிரை கொடுத்தால் போதும். அதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். நேர்முகத் தேர்வில் "இயக்கத்தில் இருந்தீர்களா?" என்று, விடுதலைப் புலிகளோடு இருந்தார்களா என்பதைக் கேட்பதைக் கொள்கை வெளிப்படையாகத் தடைசெய்யவேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் விசாரணைக்குப் போகும் நாளில் சம்பளம் வெட்டப்படக் கூடாது. மேலதிக நேர வேலை முடிந்து இருட்டில் திரும்புகிறவளை வீட்டு ஒழுங்கை வரை கொண்டுபோய் விடுவது நிறுவனத்தின் பொறுப்பு.

கொள்கையைத் தமிழில் எழுதுங்கள். பெயர் சொல்லாமல் முறையிட, மேற்பார்வையாளரைத் தாண்டிப் போகும் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுங்கள். எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் எழுதுங்கள். வருட முடிவில் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை தீர்ந்தது என்று எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள்.

இதை வாசிக்கும் முகாமையாளர் யாராவது தமிழில் ஒரு வரைவைத் தந்தால், ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க நான் வருகிறேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.