முக்கோணத்தை மூடுவதற்கு முன்னால்: எதில் இருபது சதவீதம்?

சதவீதக் கணக்கை ஒரு முக்கோணத்தை வைத்துச் சுலபமாகப் போடலாம் என்று சொல்லும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மேலே பகுதி, கீழே அடிப்படை (அதாவது முழுசு), பக்கத்தில் வீதம் (எத்தனை சதவீதம் என்பது). வேண்டியதை விரலால் மூடு, மிச்சத்தைப் பெருக்கு அல்லது வகு, விடை ரெடி. "இனி சதவீதம்னா பயமே இல்லை!" அதன் கீழே சந்தேகம் கேட்டதற்கு எனக்குப் "பழைய பஞ்சாங்கம்" என்று பட்டம். இருக்கட்டும், பஞ்சாங்கம் கொஞ்சம் பேசட்டும்.

எதை மூட வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கே. அதைத்தான் வீடியோ சொல்லவில்லை. அதில் வரும் கணக்குகளில் எல்லாம் பெரிய எண்தான் அடிப்படை. குழந்தை ஒன்றும் முட்டாள் இல்லை, அதைக் கவனித்துவிடும். "பெரிசு கீழே, சின்னது மேலே" என்று தானே ஒரு விதி போட்டுக்கொள்ளும். பிறகு "ஒரு எண்ணின் 150 சதவீதம் 30, அந்த எண் எது?" என்று கேளுங்கள். 30-ஐ அடிப்படையாக வைத்து 45 என்று எழுதும். விடை 20. "45 என்பது எந்த எண்ணின் 30 சதவீதம்?" என்றால் 13.5 என்று வரும். ஒரு எண்ணில் வெறும் 30 சதவீதமே 45 என்றால் அந்த முழுசு 45-ஐவிடச் சிறியதாக எப்படி இருக்கும்? மூடுவதில் மும்முரமாக இருக்கும் பிள்ளைக்கு இது உறைக்காது. 40-இன் 25 சதவீதத்துக்கு 40-ஐயும் 25-ஐயும் அப்படியே பெருக்கி 1000 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகும். 25 என்பது இங்கே நூறில் 25 என்பதை வீடியோ கடைசியில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் அடிப்படை. "எதில்?" என்ற கேள்வி. தொடக்கத்தில் சில வகுப்புகளுக்குக் கணக்கே போட வேண்டாம். வாக்கியத்தைக் கொடுத்து, எது முழுசு என்று அடிக்கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். "மாணவர்களில் 40 சதவீதம் பேர் நடந்து வருகிறார்கள்": முழுசு, எல்லா மாணவர்களும். "நடந்து வருபவர்களில் 40 சதவீதம் பேர் சிறுமிகள்": இப்போது முழுசு மாறிவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எந்த முக்கோணமும் உதவாது.

அப்புறம் நூறு கட்டம். எல்லாரும் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து 30-க்கு வண்ணம் தீட்டச் சொல்கிறோம். நல்லதுதான், ஆனால் அங்கேயே நின்றால் 30 சதவீதம் என்றாலே 30 பொருள் என்று பதிந்துவிடும். அடுத்த நாளே 50 கட்டம், 200 கட்டம், 20 கட்டம் கொடுத்து அதே 30 சதவீதத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். 15, 60, 6. வீதம் ஒன்றுதான், அளவு மாறுகிறது. பாடமே அவ்வளவுதான்.

கணக்குக்கு ஒரு நீளப்பட்டை போதும். மேல் வரிசையில் சதவீதம், கீழ் வரிசையில் எண். இடது முனையில் இரண்டுக்கும் 0. மேலே 100 வரும் இடத்துக்கு நேர் கீழேதான் அடிப்படை, தெரியாவிட்டால் கேள்விக்குறி. 30-க்குக் கீழே 45 என்றால், 10-க்குக் கீழே 15, 100-க்குக் கீழே 150. பட்டையை 100-லேயே முடித்துவிடாதீர்கள், வலப்பக்கம் இடம் விடுங்கள். 150-க்குக் கீழே 30 என்றால் 50-க்குக் கீழே 10, 100-க்குக் கீழே 20. எதையும் மூட வேண்டியதில்லை, எல்லாம் கண் முன்னாலேயே இருக்கிறது.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் பட்டை வேறா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், தெரியும். நேரமில்லை என்பதற்காகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால், பின்னால் அதைத் திருத்த வேறு யாருக்கு நேரம் இருக்கிறதாம்? "மதிப்பெண் வருதே!" வரும், எண்களை வரிசையாகக் கொடுக்கும் தேர்வில் வரும். "பின்னமே தெரியாத பிள்ளைக்கு என்ன செய்ய?" இது நியாயமான கேள்வி. பாதி, கால், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று இந்த நான்கும் கைவராமல் சதவீதத்தைத் தொடவே வேண்டாம். வந்துவிட்டால், 35 சதவீதத்தைக்கூட 25-உம் 10-உம் சேர்த்துப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். "நீங்க புதுசு எதையும் ஏத்துக்க மாட்டீங்க" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. விரலால் மூடுவது எந்த விதத்தில் புதுசு என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. "சின்னப் பிள்ளைங்க கணக்குதானே, இதுக்கா இவ்வளவு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். 25 சதவீதம் குறைந்து 60 ஆன எண் முன்பு எவ்வளவு என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 60-இல் 25 சதவீதமான 15-ஐக் கூட்டி 75 என்பார்கள் நிறையப் பேர். விடை 80. குறைந்தது பழைய எண்ணிலிருந்து, 60-இலிருந்து இல்லை. 100-ஐ 20 சதவீதம் கூட்டி, அதையே 20 சதவீதம் குறைத்தால் 96 வருவதும் இதனால்தான். இரண்டு முறையும் "எதில்?" வேறு. தொடக்கப் பள்ளியில் விட்ட ஓட்டை அது. இதற்குத்தான் இவ்வளவு.

உண்மையில் வீடியோவைவிடப் பயிற்சித்தாள்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். "அடிப்படையைக் காண்க" என்று தலைப்புப் போட்டு அதன் கீழே பத்துக் கணக்கு. தலைப்பே விடையைச் சொல்லிவிட்டபின் பிள்ளை எதை யோசிக்கும்? தலைப்பை எடுத்துவிட்டு, 15, 60 என்ற இரண்டே எண்களை வைத்து நான்கு கேள்வி கலந்து கொடுங்கள். 60-இன் 15 சதவீதம் எவ்வளவு? 60-இல் 15 எத்தனை சதவீதம்? எந்த எண்ணின் 60 சதவீதம் 15? எந்த எண்ணின் 15 சதவீதம் 60? விடைகள் 9, 25 சதவீதம், 25, 400. இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் 25 என்று வகுப்பில் யாராவது கேட்டால், அன்றைக்கு வேறு பாடம் எடுக்க வேண்டாம், அதையே பேசுங்கள்.