பெட்டியில் எதற்கு 4000 என்று போடுகிறீர்கள்?

"உங்கள் ஜெனரேட்டரில் எந்தக் குறையும் இல்லை" என்று ஜெனரேட்டர் கம்பெனியிலிருந்து இன்று காலை மெயில் வந்திருக்கிறது. 4000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்பார்களாம், அது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் எங்கள் டிரெய்லரின் கூரையில் இருக்கும் ஒரே ஒரு ஏசியை ஓட்டாதாம், ஆனால் குறை இல்லையாம். படித்ததிலிருந்து எனக்குக் கொதிக்கிறது.

பெட்ரோலோடு புரொப்பேன் கேஸிலும் ஓடும் ஜெனரேட்டராக வாங்கியதில் தப்பே இல்லை. டிரெய்லரின் முன்னால் ஏற்கெனவே இரண்டு 20 பவுண்டு சிலிண்டர் நிற்கிறது. பெட்ரோல் கேனை வண்டிக்குள் வைத்துக்கொண்டு அந்த நாற்றத்தோடு போக வேண்டாம். பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசினாக அடைத்துக்கொள்ளும். புரொப்பேன் கெடாது. என் கோபமெல்லாம் அந்த 4000 மேல்தான்.

அது பெட்ரோலில் ஓரிரு நொடி மட்டும் தாக்குப்பிடிக்கும் அளவு. தொடர்ந்து ஓட்டினால் 3200. புரொப்பேனுக்கு மாற்றினால் இரண்டிலும் சுமார் 10 சதவீதம் குறையும், அதாவது 3600, 2880. இதுவும் கடல் மட்டத்தில்தான். மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து, ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் போய்விடும். நாங்கள் போனது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பிரைஸ் கேன்யன் நேஷனல் பார்க், ஏறத்தாழ 8000 அடி உயரம். பார்க்குக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் இணைப்பு கிடையாது. கணக்குப் போட்டால் ஓட 2100கூட மிஞ்சவில்லை, ஸ்டார்ட் ஆகும் நொடிக்கு 2600. எங்கள் 13,500 பிடியு ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது 3000 வாட் போல இழுக்கும். எப்படிக் கிளம்பும்? இந்தக் கணக்கைப் பெட்டியின் மேல் போட்டால் என்ன?

மதியம். டிரெய்லர் மேல் நேர் வெயில். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளே ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டு, "பரவால்லப்பா, ஜன்னலைத் திறந்துவிடு போதும்" என்கிறார். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் ஒரு முக்கு முக்குகிறது, ஓவர்லோட் விளக்கு சிவப்பாக எரிகிறது, எல்லாம் அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதே சிவப்பு. ஃப்ரிட்ஜைக் கேஸுக்கு மாற்றி, பேட்டரி சார்ஜ் ஆவதை நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் போட்டேன். அப்போதும் சிவப்பு.

சரி என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். சிக்னல் ஒரு கோடு. காத்திருப்பு இசை. முதலில் சீரியல் நம்பர் கேட்டார்கள். அது அடியில் ஒட்டியிருக்கிறது, சூடான இயந்திரத்தைச் சாய்த்துப் படித்தேன். அப்புறம், "வால்வை வேகமாகத் திறந்திருப்பீர்கள், அதனால் சிலிண்டரின் பாதுகாப்பு அடைப்பு விழுந்து கேஸ் குறைவாக வருகிறது" என்றார்கள். அப்படி ஒன்று உண்டு, எனக்கும் தெரியும், மெதுவாகத்தான் திறந்தேன் என்றேன். பரவாயில்லை, மறுபடி செய்யுங்கள் என்றார்கள். மூடினேன், ஹோஸைக் கழற்றினேன், காத்திருந்தேன், மாட்டினேன், கால் கால் சுற்றாகத் திறந்தேன். மறுபடியும் சிவப்பு விளக்கு. இன்னொருவருக்கு மாற்றினார்கள். அவர் மறுபடி சீரியல் நம்பர் கேட்டார்! அவரும் வால்வை மெதுவாகத் திறக்கச் சொன்னார்!

அதற்கு மேல் அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "ஒயர் நீளமாக இருந்தால் வோல்டேஜ் குறையும், டிரெய்லருக்கு இன்னும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்." உள்ளே என் அம்மா உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. புரொப்பேனில் ஓடினாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும், ஆள் இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வை என்று ஜெனரேட்டரோடு வந்த கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. விற்றவரே அதற்கு எதிராகச் சொல்கிறார். வைக்க மாட்டேன் என்று கத்தினேன். அதன் பிறகுதான், "நீங்கள் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். 8000 என்றதும், "ஓ, அப்படியானால் அவ்வளவுதான் வரும்." அவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வைத்த பிறகு! உயரத்துக்கென்று ஒரு கிட் இருக்கிறதாம், ஆனால் அதைப் போட்டாலும் இழந்த வாட் திரும்பாதாம். வேண்டுமானால் கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்க, ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட் என்று ஒரு கருவியைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு இன்னொரு 300 டாலர் யார் கொடுப்பது?

அதே பெட்டியில் எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு சத்தம் போடும் என்றும் போட்டிருக்கிறது. அந்த எண்களெல்லாம் கால் பங்கு லோடில் எடுத்தவை. வாட்டுக்கு மட்டும் உச்சத்தைப் போடுகிறார்கள், சத்தத்துக்கும் நேரத்துக்கும் கால் பங்கைப் போடுகிறார்கள். நேஷனல் பார்க்கில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏசியை இழுக்கும்போது எவ்வளவு சத்தம் வரும் என்று தெரிந்தால்தானே விதியை மதிக்க முடியும்? கடல் மட்டத்தில் சோதனைக்கூடத்தில் வைத்துச் சோதித்து, மலைப் படத்தை அட்டையில் போட்டு விற்கிறார்கள். மலையில் ஓடுவதற்கான எண்ணையும் அந்த மலைப் படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். டிரெய்லர்காரர்கள் எங்கே போவார்கள் என்று நினைக்கிறார்கள்?

இத்தனையும் முடிந்து சிலிண்டரை மாற்றப் போனால், 20 பவுண்டு சிலிண்டரில் 15 பவுண்டுதான் இருக்கிறது. அது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. கடைக்கு வெளியே சிலிண்டர்களை அடுக்கியிருக்கும் கூண்டுக்கு எப்போதும் பூட்டு. உள்ளே வரிசையில் நின்று பணம் கட்டி, வெளியே வந்து நின்றால், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். ஏங்க, ஒரே ஒரு கூண்டு, ஒரே ஒரு சாவி, அதைக் கல்லாவிலேயே மாட்டி வைக்க என்ன கேடு உங்களுக்கு?