ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ்?

மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அப்பா சொல்லிவந்தது இதைத்தான். 2016இல் ரிட்டையர் ஆனபோது ஆசையாக வாங்கிய கார். மீட்டரில் இன்னும் 12,000 கிலோமீட்டர் ஆகவில்லை. கல்யாணம், காதுகுத்து, வருடத்துக்கு ஒரு தடவை அழகர்கோவில், அதைத் தாண்டி அது எங்கும் போனதில்லை. கடைசியாக சர்வீஸுக்கு விட்டபோது அங்கே இருந்த பையன், "மீட்டரைத் திருப்பி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான். ஆயுசு முழுக்க அரசாங்கக் கணக்கு எழுதிய மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு அப்பா அந்தப் பக்கமே போகவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆட்டோவில் போய் மொய் எழுதிவிட்டு வந்து, தெருமுனை மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டோம். பேட்டரி 10.8 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி என்றால் சும்மா நிற்கும்போது 12.6 இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை தவறாம அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனேப்பா" என்றார் அப்பா.

"அதுதாங்கய்யா வினையே. வாரம் முழுக்க நின்னு இறங்கின சார்ஜ் அஞ்சு நிமிஷத்துல திரும்ப ஏறாது. இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா உள்ள இருக்கிற ஈரமும் ஆயில்லயே தங்கிரும்."

அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை எடுத்து மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பானட் பஞ்சு, கடலைத்தோல், நாலைந்து புளியங்கொட்டை, சித்திரைத் திருவிழா நோட்டீஸில் கடித்த துண்டு ஒன்று. அதில் 'எழுந்தருளல்' என்ற சொல் மட்டும் முழுசாக இருந்தது. நடுவில் கண் திறக்காத மூன்று எலிக்குட்டிகள், ரோஸ் நிறத்தில், சுண்டுவிரல் நுனியளவு.

அம்மா எட்டிப் பார்த்தார். "பிள்ளத்தாச்சி வீட்டைப் பிரிச்சிராதீங்க" என்று அங்கேயே உத்தரவு. கூட்டைக் குலையாமல் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். ஒன்றரை மணி நேரம் வேலை நின்றது. அப்பாவும் மெக்கானிக்கும் திண்ணையில் காபி குடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்திருக்க, தாய் எலி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. மூன்றாவதும் போனதும் அப்பா கைதட்டிவிட்டார்!

அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பி பொறுமையாகக் காட்டினார். டயரில் தரையைப் பிடிக்கிற பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் நகம் நுழைகிற வெடிப்பு. '2316' என்ற எண்ணைத் தொட்டு, "2016ல 23ஆவது வாரம் செஞ்சதுங்கய்யா. ரப்பருக்கு வயசாயிருச்சு" என்றார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய பிரேக் ஆயில் கருங்காப்பியாக இருந்தது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது தானாக இழுத்துக்கொள்ளுமாம். வண்டி நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். கடைசியில் சர்வீஸ் புத்தகத்தை விரித்தார்: '10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது'. அப்பா இத்தனை நாளும் முதல் பாதியை மட்டும் வாசித்திருக்கிறார்.

திருநகரிலும் கே.கே. நகரிலும் எத்தனை வாசலில் கவர் போர்த்திய கார் நிற்கிறது! பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பெரியவர்கள் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக என்று வண்டியை வைத்திருப்பார்கள். அந்த அவசரத்தில் 'டக்' என்றால் யார் என்ன செய்வது? ஊருக்கு வரும்போது தயவுசெய்து பானட்டைத் திறந்து பாருங்கள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். நம்மூர் மெக்கானிக்குகள் இதையெல்லாம் கையில் காட்டிச் சொல்லித் தருகிறார்கள், காது கொடுத்துக் கேட்கலாம்.

வண்டி சரியானதும், இந்த ஞாயிறு அப்பாவும் அம்மாவும் திருமங்கலம் வரை ஓட்டிப்போய் வந்தார்கள். கிளம்பும் முன் அம்மா பானட்டைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். யாரும் குடிவரவில்லை.