'தி ரெஸ்லர்': செட்டப் சண்டையும் நிஜ அடியும்

"டபிள்யூடபிள்யூஎஃப் எல்லாம் செட்டப்புப்பா, சும்மா நடிக்கிறாங்க" என்று அமெரிக்க டிவி மல்யுத்தத்தை ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் மிக்கி ரூர்க் நடித்த 'தி ரெஸ்லர்' படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2008இல் வந்தது, டேரன் அரொனாஃப்ஸ்கி இயக்கியது, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. கேபிள் டிவியில் அண்டர்டேக்கர் மாதிரி மல்யுத்த ஸ்டார்களைப் பார்த்து, அவர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு சீட்டில் நெஞ்சளவு, எடை, ரேங்க் எல்லாம் மனப்பாடம் பண்ணி வளர்ந்த நம்ம செட்டுக்கு இந்தப் படம் இன்னும் கூடுதலாக வலிக்கும். கார்டில் பார்த்த அந்த நெஞ்சு இருபது வருஷம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் கதையே.

ரூர்க் நடிக்கும் ராண்டி எண்பதுகளில் பெரிய மல்யுத்த ஸ்டார். இப்போது காதில் மிஷின், தங்கியிருக்கும் ட்ரெய்லர் வண்டி வீட்டுக்கு வாடகை பாக்கி, நியூ ஜெர்சியில் சின்னச் சின்ன ஹால்களில் சண்டை, மற்ற நேரம் சூப்பர் மார்க்கெட் வேலை. சண்டைக்கு முன்னால் எதிராளியோடு உட்கார்ந்து எந்த அடிக்கு அப்புறம் எந்த அடி என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். செட்டப்தான், யார் இல்லை என்றது? ஆனால் மணிக்கட்டுக் கட்டுக்குள் ஒளித்து வைத்த பிளேடுத் துண்டை எடுத்து, ரிங்கில் கவிழ்ந்து கிடக்கும்போது தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறானே, அந்த ரத்தம் செட்டப் இல்லை. முள்கம்பியும் கண்ணாடியும் ஸ்டேப்லர் பின்னுமாக ஒரு சண்டை முடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். பைபாஸ். இனிமேல் ரிங் பக்கமே போகக்கூடாது என்கிறார் டாக்டர்.

இதில் மிகை எதுவும் இல்லை. நிஜ டிவி மல்யுத்த ஸ்டார் எடி கெரேரோ 2005இல் இதயக் கோளாறால் செத்தபோது வயது 38. டிவியில் தெரிகிற ஸ்டார்களையே அங்கே கம்பெனி ஊழியராகக் கணக்கு வைப்பதில்லை, ஒப்பந்தக்காரர் என்றுதான் எழுதுகிறார்கள், அதனால் மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இது புகழ் போன ஒருத்தன் புலம்புகிற கதையாகவே தெரியாது. உடம்பை மட்டுமே முதலாகப் போட்ட ஒரு தொழிலாளியின் கதை.

தேயிலைக் காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் அத்தை, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம், கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். கையால் கிள்ளுவது போய் இலை வெட்டுகிற கத்தரி வந்த பிறகு நாள் முழுக்க அதை விரித்து மடக்கி விரித்து மடக்கி, கட்டைவிரல் மூட்டு போய்விட்டது. டீ டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத்தான் தூக்குவார், விரல் நுனி வெடிப்புகளில் இலைக் கறை கறுப்பாக அப்படியே நிற்கும், எந்த சோப்புக்கும் போகாது. ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ராண்டி திரும்பி வரும்போது ட்ரெய்லர் பூட்டிக் கிடக்கிற காட்சியில் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. இப்போதும் மழை இல்லாத நாளில் யாராவது சிறு விவசாயி தோட்டத்துக்கு இலை பறிக்கப் போய்விடுகிறார். ஏன் அத்தை, டாக்டர் வேண்டாம்னு சொன்னாரே என்றால், "அங்க போனாத்தான் நாலு பேரு என்னை ஆளா மதிக்கிறாங்க சாமி" என்பார்.

அதனால்தான் ராண்டி திரும்ப ரிங்குக்குப் போவதை முட்டாள்தனம், போதை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. அவன் முயற்சி பண்ணாமல் போகவில்லை. தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு இறைச்சி கவுன்ட்டரில் நிற்கிறான், முதல் நாள் அந்தக் கவுன்ட்டருக்கு நடந்து போகும்போது பின்னாலேயே கேமரா போகிறது, ரசிகர்கள் கத்துகிற சத்தம் அவன் காதில் மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது. படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். மகளிடமும் போகிறான், அங்கே கெடுத்துக்கொள்வது அவன்தான், அதற்குப் படம் அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கடைசிச் சண்டையில் அவன் மூச்சு வாங்குவதைக் கவனித்து, சீக்கிரம் முடி என்று பதறுகிறவன் எதிராளி. எதிரி வேஷம் போட்டவனுக்கு இருந்த அக்கறை அவனை வைத்துச் சம்பாதித்த யாருக்கும் இல்லை.

ரூர்க் இதற்கு முன்னால் நடிப்பை விட்டுவிட்டு நிஜமாகவே பாக்ஸிங் போய் முகத்தில் அடி வாங்கியவர், அந்த முகம் இல்லாமல் இந்தப் படம் இல்லை. படம் பிடித்தது 16 எம்எம் என்கிற சின்ன பிலிமில், ஊட்டி பிலிம் ஃபேக்டரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சொரசொரப்பைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவன் கயிற்று மேலிருந்து குதிப்பதோடு படம் முடிகிறது. பிழைத்தானா செத்தானா என்று நிறையப் பேர் வாதம் பண்ணுகிறார்கள். அன்றைக்கு ரிங்கை விட்டால் அவனுக்குப் போக வேறு இடம் இருந்ததா என்பதைப் பற்றிப் பேசலாம், நான் வருகிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள், ரத்தமும் கிளப் காட்சிகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் பாருங்கள்.