சாரல் காலத்து மைலேஜ்

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் நம் பக்கத்தில் கூடவே ஒரு புலம்பலும் ஆரம்பித்துவிடும்: வண்டி மைலேஜே தரவில்லை. பங்க்கில் கலப்படம், மெக்கானிக் ஏமாற்றிவிட்டார், எல்லாம் எத்தனால் செய்த வேலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எத்தனால் மீதான கோபத்தில் நியாயம் உண்டு. அதில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீத ஆற்றல் போய்விடும். ஆனால் ஆனி, ஆடியில் தென்காசி சாலையில் மேற்கே பார்த்து 100-ல் விரட்டுகிறவர் இழப்பது அதைவிடப் பல மடங்கு. வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை எதற்காக அங்கே நிற்கின்றன என்று ஒருவருமா யோசிப்பதில்லை?

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. பணகுடி தாண்டி, காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே அது தெரியும். காரின் மீதான காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 100-ல் போனால், கார் சந்திக்கும் காற்று 130. எதிர்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிடும். 75-க்கு இறங்கினால்கூட, காற்றே இல்லாத நாளில் 105-ல் போவதற்குச் சமம்.

திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே, கணக்கு சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. வர்க்கக் கணக்கு என்பதால் போகும்போது இழப்பது பெரிது, வரும்போது கிடைப்பது சிறிது. மைலேஜ் பார்க்கிறவர்கள் டேங்கை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒருவழிக் கணக்கை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போவது வீண்.

இந்த லட்சணத்தில் கூரை மேல் கேரியர் வேறு. ஊருக்குப் போய்வந்து மாதங்கள் ஆனாலும் வெறும் கேரியரைக் கழற்றாமல் பாளையங்கோட்டைத் தெருக்களில் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். சுமை இல்லாவிட்டாலும் அது காற்றைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். நான்கு நட்டைக் கழற்ற என்ன சோம்பலோ!

இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது. புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர் காலத்தில் அதற்கு ஏதோ அர்த்தம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடிக்கும். சாவியையே அணைத்துவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் அப்புறம் பேச்சே இல்லை.

டயர் காற்று விஷயத்தில் நம் பங்க்குகளில் ஒரு சடங்கு நடக்கிறது. நாங்குநேரி வெயிலில் ஓடி வந்த சூட்டோடு வண்டியை நிறுத்துவார்கள். சூட்டில் காற்றழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். பையன் மீட்டரைப் பார்த்து, "கூட இருக்கிறது அண்ணாச்சி" என்று புஸ்ஸென்று இறக்கிவிடுவான். டயர் ஆறியதும் காற்று குறைந்து கிடக்கும். மறுநாளிலிருந்து வண்டி இழுக்காது. அளவு எவ்வளவு என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டே இருக்கிறார்கள். காலையில் வீட்டருகே, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் போதும்.

ரயில்வே கேட்டில் என்ஜினை அணைப்பதைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. அணைக்காதவரிடம் சொல்லியும் பயனில்லை.

மெதுவாகப் போனால் நேரமாகும் என்பார்கள். நெல்லையிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முழுத் தூரமும் 100-ல் போக முடிந்தாலே 36 நிமிடம். 75-ல் போனால் 48. ஆலங்குளத்தையும் பாவூர்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு யாரும் அப்படிப் போய்விட முடியாது என்பதால் உண்மையான வித்தியாசம் இன்னும் குறைவு. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது.